திருட்டுத்தனமாகத் துக்கம் விசாரிக்க மாட்டோம்

ருதைனாவைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவளுடைய குறைகளைத்தான் சொல்வேன். பதினேழு வருஷம் ஆசிரியர் அறையில் ஒரே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தவர்கள் நாங்கள். அந்த உரிமை எனக்கு இருக்கிறது. அவளுக்கு வாய் அடங்காது. எங்கள் மலையூர் கரக்கில் குளிர்காலம் என்றால் எலும்பு வரைக்கும் இறங்கும். அப்போது அறையில் இருக்கிற ஒரே மண்ணெண்ணெய் அடுப்பைத் தன் காலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வாள். கூட்டத்தில் மேலதிகாரி பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், அதுவும் பார்ப்பது அவருக்குத் தெரிகிற மாதிரி.

நான் கணக்கு டீச்சர் வஸ்ஃபியா. என் வகுப்புக்குள் கால்குலேட்டர் நுழைந்தால் ஜன்னல் வழியாக வெளியே போகும். அதனால் ருதைனா ஒரு நாள் கண்ணாடி விரிசல் விட்ட மூன்று பழைய போன்களை மேஜை மேல் வைத்து, "இனிமே இதை வச்சுத்தான் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றபோது நான் சிரித்தேன்.

"மொழிபெயர்ப்பு மெஷினையா? நடக்கத் தெரியாத பிள்ளைக்கு வண்டி வாங்கிக் குடுக்கிறியா?"

"நடக்கணும்னா போறதுக்கு எங்கேயாவது இருக்கணும்டி. 'இது என் பேனா, அது உன் பேனா'ன்னு பத்து வருஷமா சொல்லிக்கிட்டிருக்காங்க. பேனாவைப் பத்தி யாருக்குடி கவலை?"

அவளுடைய கோபம் அன்று பிறந்தது இல்லை. அது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ருதைனாவின் அண்ணன் மாஸின் பாஸ்பேட் லாரி ஓட்டினான். பாலைவனச் சாலையில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. அப்போது அவள் கல்லூரியில் ஆங்கிலப் படிப்புக்குச் சேர்ந்த புதிது. துக்க வீட்டின் மூன்று நாள் முடிந்து நான்காம் நாள் வகுப்புக்குப் போனாள். பாடம் எடுத்தவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர், கெட்டவர் இல்லை. வகுப்புக்குள் ஆங்கிலம் தவிர வேறு வார்த்தை வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். மூன்று நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். இவள் எழுந்து நின்றாள். கையில் இருந்த ஆங்கிலம் மாதங்களின் பெயர், நிறங்களின் பெயர், காலை ஏழு மணிக்கு எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். அரபியில் வாயைத் திறந்தாள். அவர் சிரித்த முகத்தோடு காதில் கையை வைத்து, "ஆங்கிலத்தில், தயவுசெய்து" என்றார். "எனக்கு வேலை இருந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "மிக அருமை" என்றார் அவர். சரியாகச் சொன்னவர்களுக்குக் கைதட்டும் பழக்கத்தை வகுப்புக்கு அவர்தான் ஏற்படுத்தியிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லி முடித்ததும், "டீ ஆறிடுச்சு, குடி" என்று எழுந்து போய்விட்டாள்.

அவளுடைய முறையை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றிப் பொய் சொன்னவர்கள் அதிகம். மெஷினிடம் கொடுத்து வாங்கிப் படிப்பது இல்லை அது. முதலில் பெண்கள் தங்களுக்குத் தோன்றுவதை அரபியில் எழுத வேண்டும். பாடப்புத்தக அரபியில் இல்லை, வீட்டில் கத்துகிற அரபியில். அதை மெஷின் ஆங்கிலமாக்கித் தரும். பிறகுதான் விசாரணை. அந்த ஆங்கிலத்தைத் திரும்ப அரபியாக்கிப் பார்ப்பார்கள். எங்கே குழைந்தது, எங்கே நழுவியது, எந்தக் கோபத்தை முழுங்கிவிட்டது என்று கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் அடிப்பார்கள். அடித்த இடத்தில் தங்கள் ஆங்கிலத்தை எழுதுவார்கள். அந்த வார்த்தைகளைத் தேடித்தான் அகராதியும் இலக்கணப் புத்தகமும் முதல் தடவையாக அழுக்காயின.

மெஷினுக்குப் பெண்கள் 'தரகம்மா' என்று பெயர் வைத்தார்கள். கல்யாணத் தரகுக்காரி இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோகும்போது சர்க்கரை தூவிக்கொண்டே போவாள் இல்லையா, அதே குணம் இதற்கும். லுஜைன் என்று ஒரு பெண், பத்தாம் வகுப்பு, ருதைனாவுக்குச் சமமான வாய். அவள் தன் அம்மா காலையில் எழுப்புகிற விதத்தை, வசவு ஒன்றையும் விடாமல் எழுதினாள். தரகம்மா அதை வங்கியிலிருந்து வருகிற கடிதம் மாதிரி மாற்றித் தந்தது.

"மிஸ், எங்கம்மா இப்படிப் பேசுனா நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றாள் லுஜைன்.

"அப்ப அவளை ஒழுங்காத் திட்ட வை. ஆங்கிலத்துல திட்டு. நான் பொறுப்பு" என்றாள் ருதைனா.

அந்த ஒரு பத்திக்கு நான்கு நாள் ஆனது. ஆசிரியர் அறை வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் போய் எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் தூங்குகிற கடைசி வரிசை தூங்கவில்லை. எரிச்சலாக இருந்தது, பொறாமைதான்.

இப்படி எழுதியதெல்லாம் கடிதங்களாகப் போன இடம் ஜப்பானில் ஒரு மீன்பிடித் துறை ஊர். அங்கே மொரிஷிதா என்றொரு டீச்சர், அவளிடமும் நம்முடையதைப் போலவே ஆங்கிலம் வராத ஒரு வகுப்பு. ஏதோ ஆசிரியர் பயிற்சியில் ருதைனா அவளைத் திரையில் பார்த்துப் பழகியிருந்தாள். அவர்கள் ஜப்பானிய மொழியில் யோசிப்பார்கள், நாங்கள் அரபியில் யோசிப்போம். நடுவில் ஆங்கிலம், யாருக்கும் சொந்தமில்லாத மைதானம் மாதிரி. எங்களில் முப்பத்திரண்டு பேருக்கு அவர்களில் இருபத்தெட்டுப் பேர். லுஜைனுக்கு வாய்த்தவள் சிஹாரு. அப்பா மீனவர், படகுக்கு இவள் பெயர்தான்.

பிப்ரவரியில் மொரிஷிதாவிடமிருந்து மூன்று வரி வந்தது. சிஹாருவின் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். சில நாட்கள் அவள் எழுத மாட்டாள். மன்னிக்கவும்.

ருதைனா, வகுப்பின் சார்பில் ஒரே ஒரு இரங்கல் கடிதம் எழுதலாம் என்றாள். அவள் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் வகுப்பு அவளை எதிர்த்தது.

"மிஸ், மையத்து வீட்டுக்கு முப்பத்திரண்டு பேருக்குப் பதிலா ஒருத்தரை அனுப்புவாங்களா?" என்றாள் லுஜைன். "எங்க தெருவுல அப்படிச் செஞ்சா நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாங்க."

எங்கள் ஊரில் பிறந்த யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ருதைனா ஆளுக்கொரு தாள் எடுத்துக் கொடுத்தாள். முப்பத்திரண்டு பேரும் தனித்தனியாக எழுதினார்கள். விஷயம் வீட்டுக்குப் போனது. அம்மாக்கள் விடுவார்களா? அவர்கள் போனில் பேசி அழுது அனுப்பினார்கள், தரகம்மா அந்த அழுகையை ஆங்கிலமாக்கியது. சித்திகள், பக்கத்து வீட்டுக்காரிகள். மொத்தம் தொண்ணூற்று மூன்று. எண்ணியது நான். அதில் ஒன்று என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றிலும் நாங்கள் துக்க வீட்டில் கேட்பதெல்லாம் இருந்தது. எப்படிப் போனார்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? கடைசியாக என்ன சொன்னார்? உங்களுக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள்?

பதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் போனது. வகுப்பில் முகங்கள் தொங்கின. "ஒரு வார்த்தை எழுத முடியாதா? நாம அவங்களுக்கு யாரோதானே" என்று ஒருத்தி ஆரம்பித்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் உஸ்தாத் குதைபா. மாவட்டத்துக்கே ஆங்கிலப் பாடத்தின் மேற்பார்வையாளர். இஸ்திரி கலையாத சட்டை, பையில் மூன்று நிறப் பேனா. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பார்த்தார். பிறகு ஆசிரியர் அறைக்கு வந்து என் எதிரிலேயே ருதைனாவிடம் பேசினார்.

"மிஸ் ருதைனா, சுற்றறிக்கை படிச்சீங்களா? ஆங்கில வகுப்புல ஆங்கிலம் மட்டும். மொழிபெயர்ப்பு கூடாது. போன் கூடவே கூடாது."

"படிச்சேன் உஸ்தாத். ரெண்டு தடவை."

"படிச்சுமா?"

"படிச்சதாலதான்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது, கோபப்படாமலே வெட்டுவார். "நான் ஆடு மேய்ச்சுக்கிட்டே இங்கிலீஷ் படிச்சவன்" என்றார். "தினம் பத்து வார்த்தை, மணிக்கட்டுல எழுதி வச்சுக்குவேன். மெஷின் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கஷ்டப்படாம வர்றது தங்காது. இந்தப் பிள்ளைங்க நாளைக்குப் பரீட்சையில உக்காரும்போது தரகம்மா வருவாளா?"

"பரீட்சையில என்ன கேப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி இவங்களுக்குச் சொல்றதுக்குன்னு ஏதாவது இருக்கட்டும் உஸ்தாத். வாயைத் தைச்சுட்டு பேசு பேசுன்னா எப்படி?"

அவர் அறிக்கை எழுதினார். அதில் இரண்டு பரிந்துரை. ஒன்று, ஜப்பான் கடிதங்களும் போன்களும் உடனே நிறுத்தப்பட வேண்டும். இரண்டு, இந்த ஆசிரியையை அடுத்த கல்வியாண்டில் கீழே பள்ளத்தாக்கில், சாஃபியில் உள்ள பள்ளிக்கு மாற்ற வேண்டும். தலைமையாசிரியை போன்களை வாங்கி அலமாரியில் பூட்டினார்.

பூட்டி மூன்றாம் நாள் பார்சல் வந்தது.

அட்டைப் பெட்டிக்குள் தொண்ணூற்று மூன்று காகிதப் பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஒரு கை அளவு பச்சைத் தேயிலை, ஒரு மடித்த தாள். தாளில் கையால் எழுதிய ஆங்கிலம். மேலே பெயர். 'தாமிரின் தாயாருக்கு' என்று ஒரு பொட்டலம், அது லுஜைனின் அம்மாவுக்கு; எங்கள் ஊரில் தாய்மாரை மூத்த மகன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். என் பெயரிலும் ஒன்று இருந்தது. மொரிஷிதாவின் குறிப்பு தனியாக இருந்தது. அவர்கள் வழக்கத்தில், துக்கத்தில் பங்கு கேட்டவர்களுக்கு ஒரு பொருளாகப் பதில் செய்தாக வேண்டும். ஒருவரையும் விடக்கூடாது. டீச்சருக்கு மட்டும் அனுப்பினால் போதும் என்று சிஹாருவின் அம்மா சொல்லியும் அவள் கேட்கவில்லை. பத்தொன்பது நாளாகப் பள்ளி விட்டதும் உட்கார்ந்து எழுதினாளாம்.

அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணுக்கு ஆறுதல் சொல்கிறோம் என்று பத்தொன்பது நாள் வேலை வாங்கியிருக்கிறோம். பேச்சு வராத ஜென்மங்கள் என்று திட்டியும் இருக்கிறோம். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

லுஜைனின் தாளில் மற்றவர்களுடையதை விட நான்கு வரி அதிகம் இருந்தது. 'அப்பா எப்படி இறந்தார் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. மரியாதையாக இருக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். உங்கள் ஊரில் எத்தனை நாள் அழலாம்?'

கேள்வி அது. பதில் எழுத வேண்டும், எழுதுவதற்கு வழி பூட்டிக் கிடக்கிறது. ருதைனா நேராகக் குதைபாவுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"எளிய ஆங்கிலத்துல எழுதட்டும் மிஸ்" என்றார் அவர். "'நான் வருந்துகிறேன்' போதுமே. அந்த வாக்கியம் ஏழாம் வகுப்புலயே இருக்கு."

ருதைனா போனைக் கீழே வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றேன். "உன் வீட்டுக்கு லுஜைனைக் கூட்டிட்டுப் போ. உன் போன்லயே எழுதி அனுப்பிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

திரும்பினாள் பாருங்கள். "திருட்டுத்தனமாவா துக்கம் விசாரிக்கச் சொல்றே? சுவரேறிக் குதிச்சுப் போய் மையத்து வீட்ல அழுவியா நீ? முன்வாசல் வழியா வந்த கேள்விக்கு முன்வாசல் வழியாத்தான் பதில் போகும்."

"அப்ப ஜாஹா போவோம்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண் கேட்கவோ, ரத்தப் பகையைத் தீர்க்கவோ, பெரிய காரியம் ஒன்றைக் கேட்டுப் போகிற கூட்டம்தான் ஜாஹா. ஊர்ப் பெரியவர்கள் போவார்கள். கூட்டத்தின் தலைவருக்குக் காபி ஊற்றுவார்கள். அவர் குடிக்காமல் கீழே வைப்பார். கேட்டது கிடைக்கும்வரை அந்தக் கோப்பை அப்படியே இருக்கும். கொடுக்க மனசு வந்தால் வீட்டுக்காரர், "குடியுங்கள் உங்கள் காபியை" என்பார். கோப்பை குடிக்கப்படாமல் கூட்டம் எழுந்துவிட்டால் அந்த வீட்டு மானம் போயிற்று. எல்லாமே ஆண்கள் செய்கிற காரியம். பெண்கள் ஜாஹா போனதை நான் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

பதினான்கு பேர் போனோம். கறுப்பு அபாயா அங்கியில் அம்மாக்கள் பன்னிரண்டு பேர், ருதைனா, நான். தலைமை உம் தாமிர், லுஜைனின் அம்மா. சந்தை முனையில் ரொட்டி சுடுகிறவள். அவள் ரொட்டியைச் சாப்பிடாத அதிகாரி கரக்கில் கிடையாது. கிளம்பும் முன் ருதைனா எங்களை நிறுத்தினாள்.

"ஜாஹா ஒரு காரியம்தான் கேக்கும். என் மாற்றலைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை எடுத்தீங்கன்னா, காபியை நானே கொட்டிட்டு வெளியே வந்துடுவேன். அல்லாஹ் மேல சத்தியம்."

"உனக்குப் பைத்தியம்டி" என்றேன்.

"இருக்கட்டும். பதில் கடிதம் மட்டும்."

கல்வி அதிகாரி அபூ ஹைஸம் கரக்குக்காரர்தான், வழுக்கைத் தலை, நல்ல மனுஷர், நல்ல மனுஷர்களுக்கே உரிய பயம் அதிகம். வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் பதினான்கு கறுப்பு அபாயாக்கள் நுழைந்ததைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். குதைபாவும் ஏதோ கோப்போடு அங்கே இருந்தார்.

"வாங்க, வாங்க. என்ன உம் தாமிர், பொண்ணு கேட்டு வந்தீங்களா? எங்க வீட்ல மூணும் பையனுங்க."

"உங்க பையனுங்களை நீங்களே வச்சுக்குங்க அபூ ஹைஸம். எங்க பொண்ணுங்களுக்குப் படிப்பு இருக்கு."

பியூன் காபி ஊற்றினான். உம் தாமிர் கோப்பையை வாங்கி, மேஜையின் நடுவில், கோப்புகளுக்கு மேலேயே வைத்தாள். அபூ ஹைஸமுக்குப் புரிந்துவிட்டது. அவர் வழுக்கையில் வேர்வை துளிர்த்தது.

உம் தாமிர் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். சிஹாரு, படகு, தேயிலை, கேள்வி. குதைபா குறுக்கிட்டார். "அம்மா, யாரும் பதில் எழுத வேண்டாம்னு சொல்லலை. மெஷின் வேண்டாம்னுதான் சொல்றேன். அவங்களுக்குத் தெரிஞ்ச ஆங்கிலத்துல..."

உம் தாமிர் அவரைப் பார்க்கவே இல்லை. "அபூ ஹைஸம், உங்க வாப்பா வஃபாத்தானப்போ உங்க வீட்டுக்கு நானூறு பேர் வந்தாங்க. நானும் ரொட்டித் தட்டைச் சுமந்துக்கிட்டு வந்தேன். ஒருத்தரையாவது வாசல்ல நிறுத்தி, உனக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தையிலதான் அழணும்னு சொன்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சுற்றறிக்கை நான் போட்டது இல்ல உம் தாமிர்" என்றார் மெதுவாக. பிறகு மழை வராததைப் பற்றிப் பேசினார். ஜமீத் தயிர்க்கட்டி இந்த வருஷம் உப்பு அதிகம் என்றார். நாங்கள் பதினான்கு பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பியூன் கதவை விட்டு நகரவில்லை. மத்தியானத்துக்குள் இது சந்தை முழுக்கப் பரவும் என்று அபூ ஹைஸமுக்குத் தெரியும்.

அப்போது நான் எழுந்தேன். நான் பேசுவதாக ஏற்பாடு இல்லை. பையிலிருந்து கட்டாகத் தாள்களை எடுத்துக் குதைபாவின் முன் வைத்தேன். கால்குலேட்டரையே வீசுகிறவள் நான், இந்த விஷயத்தில் என்னை நானே நம்பாமல் போன வருஷ நோட்டுகளிலிருந்தே கணக்கு எடுத்திருந்தேன்.

"உஸ்தாத், போன வருஷம் ஒரு பொண்ணு வருஷம் முழுக்கச் சொந்தமா எழுதுன ஆங்கிலம் சராசரியா நாப்பது வரி. இந்த வருஷம் பிப்ரவரி வரைக்கும் முன்னூத்தி எழுபது. மெஷின் எழுதுனதை நான் சேர்க்கலை. இந்தச் சிவப்பைப் பாருங்க. மெஷின் எழுதினதை அடிச்சிட்டு இவங்க எழுதினது மட்டும்தான் கணக்கு. ஒவ்வொண்ணா எண்ணிக்குங்க, நான் காத்திருக்கேன்."

குதைபா தாள்களைப் புரட்டினார். வேகமாக ஆரம்பித்தவர் மெதுவானார். லுஜைனின் அம்மா திட்டுகிற பத்தியில் நின்றார். உதடு கொஞ்சம் கோணியது, உடனே சரிசெய்துகொண்டார்.

"வருஷ முடிவு வரைக்கும்" என்றார் அபூ ஹைஸம் திடீரென்று. "சோதனைக்காகன்னு நான் எழுதித் தர்றேன். குதைபா ஒவ்வொரு வகுப்புலயும் உக்காருவார்."

உம் தாமிர் கோப்பையைத் தொடவில்லை. "அந்தப் பொண்ணுக்குப் பதில்?"

"அடுத்த வகுப்புலயே எழுதட்டும்."

"போன்?"

"அலமாரியைத் திறக்கச் சொல்றேன். குடி உம் தாமிர், குடி உன் காபியை, என் மானத்தை வாங்காதே!"

ஒரே மடக்கில் குடித்தாள். "ஆறிப்போச்சு. ஏலக்காயும் கம்மி" என்றாள். படிக்கட்டில் இறங்கும்போது பன்னிரண்டு பேரில் யாரோ ஒருத்தி குலவையிட்டாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அரசு அலுவலகத்தில்! நானும்தான் இட்டேன்.

இதற்கு விலை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்காததை யாரும் கொடுக்க மாட்டார்கள். ஜூலையில் மாற்றல் உத்தரவு வந்தது. ருதைனா இப்போது சாஃபியில் இருக்கிறாள். காலை ஐந்தரை மணி பஸ், வளைந்து வளைந்து கடல் மட்டத்துக்குக் கீழே இறங்குகிற சாலை, கொதிக்கிற வெயில், தக்காளி பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள். மேல்முறையீடு எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். "அங்கேயும் பிள்ளைங்களுக்கு வாய் இருக்குல்ல?" என்று பஸ் ஏறிவிட்டாள். எதிர்ப் பக்கம் காலியாக இருக்கிற அந்த மேஜையைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. அவள் மேல்தான் ஆத்திரம், வேறு யார் மேல்?

ஆனால் பதில் எழுதிய அந்த வகுப்பில் நான் இருந்தேன். குதைபா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன், எனக்கு அது ஓய்வு நேரம்.

லுஜைன் முதலில் அரபியில் எழுதினாள். போனில் கொடுத்தாள். தரகம்மா தந்த ஆங்கிலத்தைத் தாளில் இறக்கினாள். இறந்தவருக்கு இறைவன் அருள் புரியட்டும், உங்கள் பொறுமை பெருகட்டும், மிகுந்த வருத்தத்துடன், இப்படிப் பன்னிரண்டு வரி, ஒரு பிழை கிடையாது. கரக் பேச்சில் அவள் எழுதிக் கொடுத்தது இது இல்லை. திரும்ப அரபியாக்கிப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு வரியாக அடித்தாள், பன்னிரண்டையும். வகுப்பு மூச்சுவிடாமல் பார்த்தது.

அரை மணி நேரம் கழித்துத் தாளில் அவளுடைய ஆங்கிலம் ஆறு வரி இருந்தது. எழுந்து நின்று படித்தாள்.

"சிஹாரு, இங்கே துக்க வீடு மூன்று நாள். அது வருகிறவர்களுக்கு. வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கணக்கு கிடையாது. நீ எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் அழு. யாராவது ஏன் என்று கேட்டால், கரக்கில் தொண்ணூற்று மூன்று பேர் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று சொல். இதற்குத் தேயிலை அனுப்பாதே."

குதைபா எழுந்து வந்தார். தாளைக் கையில் வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "இதுல ரெண்டு பிழை இருக்கு" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனா வெளியே வந்தது.

லுஜைன் தாளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"இருக்கட்டும் உஸ்தாத். அவளுக்குப் புரியும். புரியலைன்னா கேப்பா."